ரீஸ்டோர் பொத்தானில் கை வைக்காதீர்கள்

கேள்வி: என்னிடம் 160 ஜிபி ஐபாட் கிளாசிக் பாட்டுக் கருவி ஒன்று இருக்கிறது. 2010இல் வாங்கியது. இரண்டு ஆண்டுகளாகவே சார்ஜ் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்பதில்லை. போன மாதம் மேஜையிலிருந்து கீழே விழுந்தது. அதன்பிறகு ஆன் செய்தால் உள்ளே 'டிக் டிக்' என்று சத்தம் கேட்கிறது. ஒரு நாள் பாடுகிறது, மறுநாள் ஆப்பிள் சின்னத்தோடு நின்றுவிடுகிறது. கணினியில் இணைத்தால் 'ரீஸ்டோர்' செய்யச் சொல்கிறது. என் பாட்டு ஆசிரியரின் வகுப்புகளைக் கேசட்டில் பதிவுசெய்து, பிறகு எம்பி3யாக மாற்றி அதில் ஏற்றியிருந்தேன். ஏறக்குறைய 40 மணி நேரம். கேசட்டுகளும் இப்போது இல்லை, வேறு பிரதியும் இல்லை. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். டிஸ்க்கே வேண்டாம், மெமரி கார்டு போடலாம் என்கிறார் நண்பர். இதற்குப் போய் இவ்வளவு மெனக்கெடாதீர்கள், கைப்பேசியிலேயே பாட்டுக் கேளுங்கள் என்கிறான் மகன். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

மூன்று பேரும் கருவியைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள். அந்த 40 மணி நேரத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனவே, இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரை கருவியை ஆன் செய்யாதீர்கள். கணினி எத்தனை முறை கேட்டாலும் ரீஸ்டோர் பொத்தானில் கை வைக்காதீர்கள். பழைய நிலைக்குக் கொண்டுவருவதுதான் ரீஸ்டோர் என்று நினைத்து அதை அழுத்தியவர்கள் பலர் என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். பழைய நிலைக்குக் கொண்டுவருவது உண்மைதான். ஆனால் அது பெட்டியிலிருந்து எடுத்த முதல் நாளின் நிலை. அன்றைக்கு அதில் ஒரு பாட்டுகூடக் கிடையாது.

உங்கள் மெக்கானிக் சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஆனால் சத்தத்தை மட்டும் கேட்டு டிஸ்க் போய்விட்டது என்று முடிவுகட்ட நான் தயாராக இல்லை. காரணம், நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன அந்த இரண்டு மணி நேரக் கணக்கு. உங்களுடையது 2009இல் வந்த கிளாசிக்காகத்தான் இருக்க வேண்டும். புதிதில் ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் 36 மணி நேரம் பாடும் என்று விற்கப்பட்ட கருவி அது. 36 மணி நேரம் இரண்டு மணி நேரமாகச் சுருங்கியிருக்கிறது என்றால், தரையில் விழுவதற்கு வெகுகாலம் முன்பே பேட்டரி கடைசி மூச்சில் இருந்திருக்கிறது.

பேட்டரிக்கும் டிக் சத்தத்துக்கும் என்ன தொடர்பு? உள்ளே இருப்பது 1.8 அங்குல ஹார்ட் டிஸ்க். கண்ணாடிபோல் பளபளக்கும் தட்டு நிமிடத்துக்கு 4,200 முறை சுழல, அதன்மேல் மயிரிழைக்கும் குறைவான உயரத்தில் ஒரு முனை மிதந்தபடி எழுத்தைப் படிக்கிறது. நின்றிருக்கும் தட்டைச் சுழல வைக்கும் அந்த முதல் நொடியில்தான் மோட்டாருக்கு மின்சாரம் மிக அதிகமாகத் தேவைப்படும். கிழட்டுப் பேட்டரியால் அதைத் தர முடியாது. மின்னழுத்தம் சட்டென்று சரியும், தட்டு பாதி வேகத்தில் தடுமாறும், முனை பின்வாங்கும். கருவி மறுபடி முயலும். மறுபடி தடுமாறும். வெளியே கேட்பவருக்கு அது 'டிக் டிக்' என்று கேட்கும். டிஸ்க் செத்தாலும் கிட்டத்தட்ட அதே சத்தம்தான். நோய் வேறு, இருமல் ஒன்று.

ஒரு நாள் பாடுவதும் மறுநாள் மக்கர் செய்வதும் இதோடு ஒத்துப்போகிறது. பாட்டு ஓடும்போது டிஸ்க் எந்நேரமும் சுழல்வதில்லை. 64 எம்பி நினைவகத்தில் பல பாட்டுகளை ஒரே மூச்சில் அள்ளி வைத்துவிட்டு டிஸ்க் தூங்கிவிடும். தீர்ந்தபிறகுதான் மறுபடி எழும். சார்ஜ் நிறைந்திருக்கும் நாளில் அந்த எழுச்சி தட்டுத் தடுமாறியாவது நடக்கும். குறைந்த நாளில் நடக்காது.

மூன்றாவதாக ஒருவன் மேலும் எனக்குச் சந்தேகம் உண்டு. டிஸ்க்கையும் மின்பலகையையும் இணைப்பது காகிதம்போல் மெல்லிய ரிப்பன் கேபிள். விழுந்த அதிர்ச்சியில் அது அரை மில்லிமீட்டர் நகர்ந்திருந்தாலும் இதே கூத்துதான். இந்தக் கருவிகளை உள்ளங்கையில் தட்டினால் சரியாகிவிடும் என்று ஒரு கைவைத்தியம் நெடுநாளாக உலவுகிறது. சில நேரம் சரியாகவும் செய்யும், கேபிள் தற்செயலாகத் தன் இடத்துக்கு வந்துவிடுவதால். ஆனால் சுழலும் தட்டை நீங்கள் தட்டும்போது, மேலே மிதக்கும் முனை தட்டில் மோதினால் அந்தக் கீறலில் எந்தப் பாட்டு இருந்ததோ அது போயேபோயிற்று. டிஸ்க்கைக் குளிர்பெட்டியில் வைக்கச் சொல்பவர்களையும் நம்பாதீர்கள். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் கோக்கும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? முதலில் கருவியின் முதுகைப் பாருங்கள். அந்த எஃகு மூடியை ஒரு தட்டையான மேஜைமேல் மல்லாத்தி வைத்தால் ஆடாமல் படிய வேண்டும். நடுவில் உப்பியிருந்தாலோ, ஓரத்தில் முகத்துக்கும் முதுகுக்கும் இடையே இடைவெளி விட்டிருந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது என்று பொருள். அப்படியானால் சார்ஜ் ஏற்றவே வேண்டாம், அழுத்தி மூடவும் பார்க்காதீர்கள். நேராக மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். வீங்கிய லித்தியம் பேட்டரி குத்துப்பட்டால் தீப்பிடிக்கும்.

வீக்கம் இல்லை என்றால், சுவரில் மாட்டும் சார்ஜரில் மூன்று நான்கு மணி நேரம் போடுங்கள். கணினியில் வேண்டாம். ஆப்பிளின் ஐட்யூன்ஸ் மென்பொருள் விழித்துக்கொண்டு மறுபடி ரீஸ்டோர் பாட்டைப் பாடும்.

அதன்பிறகு கணினிக்கு வாருங்கள். முன்பு எந்த வகைக் கணினியில் இந்தக் கருவியைத் தயார் செய்தீர்களோ அதே வகையில் இணைப்பது நல்லது. மேக்கில் வடிவமைத்ததை விண்டோஸில் செருகினால் 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்கும். அதற்கும் 'வேண்டாம்' என்பதே பதில். மேலே உள்ள ஹோல்டு பொத்தானை ஒருமுறை தள்ளி மீட்டுவிடுங்கள். மெனுவையும் நடுப்பொத்தானையும் சேர்த்து ஆப்பிள் சின்னம் வரும்வரை அழுத்துங்கள். சின்னம் தெரிந்ததும் கையை எடுத்து, உடனே நடுப்பொத்தானையும் பிளே பொத்தானையும் சேர்த்து அழுத்துங்கள். இதற்கு டிஸ்க் மோடு என்று பெயர். பாடுவது, படம் காட்டுவது எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, கருவி வெறும் டிஸ்க்காக மட்டும் கணினிக்குத் தெரியும். இந்த அழுத்தல்களால் எதுவும் அழியாது. ஐட்யூன்ஸ் தானாகத் திறந்துகொண்டு ஏதாவது கேட்டால் கேன்சல் செய்துவிடுங்கள்.

டிஸ்க் கணினியில் தெரிந்தால் ஒரு நிமிடத்தையும் வீணாக்காதீர்கள். மறைந்திருக்கும் கோப்புகளைக் காட்டும்படி கணினியில் மாற்றிக்கொண்டால் 'ஐபாட் கன்ட்ரோல்' என்ற ஃபோல்டர் தெரியும். அதற்குள் 'மியூசிக்', அதற்குள் எஃப்00, எஃப்01 என்று வரிசையாகச் சிறு ஃபோல்டர்கள். உள்ளே போனால் திடுக்கிடுவீர்கள். பாட்டின் பெயர், பாடியவர் பெயர் எதுவும் இருக்காது. நான்கு எழுத்தில் பொருளற்ற பெயர்கள்தான் இருக்கும். பயப்பட வேண்டாம். நீங்கள் ஏற்றும்போது கொடுத்த பெயர்கள் ஒவ்வொரு கோப்புக்குள்ளும் பத்திரமாக இருக்கும். வேறு எந்தப் பாட்டு மென்பொருளில் திறந்தாலும் அவை தெரியும். இப்போது பெயர் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருக்காமல், மியூசிக் ஃபோல்டரை ஒவ்வொரு சிறு ஃபோல்டராகக் கணினிக்கு நகலெடுங்கள். மொத்தமாக ஒரே இழுவையில் இழுத்தால், ஒரு கோப்பு படிக்க முடியாமல் நின்றாலும் வேலை முழுவதும் நின்றுவிடும்.

128 கேபிபிஎஸ் தரத்தில் மாற்றிய எம்பி3 என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி. உங்கள் 40 மணி நேரமும் 2.5 ஜிபிக்குள் அடங்கிவிடும். மிகச் சிறிய பென் டிரைவிலேயே இடம் மிச்சமிருக்கும். இத்தனை நாள் அதை எடுத்து வைக்காமல் விட்டதற்கு உங்களைத் திட்ட வேண்டும்தான். ஆனால் நானே என் வீட்டுப் புகைப்படங்களை ஒரே ஒரு டிஸ்க்கில் வைத்திருந்த காலம் உண்டு, ஆகவே விட்டுவிடுகிறேன்.

நகலெடுக்கும்போது கருவியைக் காதருகே வைத்துக் கேளுங்கள். நல்ல டிஸ்க் மெலிதாக 'விர்' என்று எழுந்து, ஒரே சீராக ஓடி, ஓயும்போது ஒரு முறை மட்டும் மென்மையாக 'டிக்' என்று அடங்கும். அந்த ஒற்றை டிக் முனை தன் இருக்கைக்குத் திரும்பும் சத்தம், அதைக் கேட்டுக் கலங்க வேண்டாம். 'விர்ர்' என்று தொடங்கிப் பாதியில் மூச்சடங்கி, மறுபடி ஆப்பிள் சின்னம் வந்தால் என் கை பேட்டரியைக் காட்டும். சுழற்சி நன்றாக இருந்தும், கடிகாரம்போல் சம இடைவெளியில் டிக், டிக், டிக் என்று தட்டிக்கொண்டே இருந்தால் டிஸ்க்கின் முனைதான் வழி தெரியாமல் அலைகிறது. இந்த இரண்டாவது சத்தம் என்றால் உடனே கேபிளைப் பிடுங்குங்கள். இன்னொரு முறை, இன்னொரு முறை என்று முயல்வதுதான் மீட்கக்கூடியதையும் அழித்துவிடும். அந்நிலையில் டிஸ்க்கை வெளியே எடுத்து, யூஎஸ்பி அடாப்டர் வழியாக நேராகக் கணினியில் செருகிப் பார்ப்பவர்கள் உண்டு. கருவியின் பேட்டரியும் பழைய கேபிளும் அப்போது ஆட்டத்திலேயே இல்லை என்பதால் பல டிஸ்க்குகள் ஒழுங்காகப் படித்துவிடுகின்றன. அதிலும் அதே டிக் சத்தம் கேட்டால், தரவு மீட்பு ஆய்வகம் ஒன்றுதான் மிச்சம். செலவு கருவியின் விலையைப்போல் பல மடங்கு ஆகலாம். உங்கள் ஆசிரியரின் குரலுக்கு அது தகுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பிரதி கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி அவசரம் இல்லை. இப்போது டிஸ்க்கைக் கருவியின் வாயாலேயே பேச வைக்கலாம். மறுபடி மெனுவும் நடுப்பொத்தானும் அழுத்தி, சின்னம் வந்ததும் இம்முறை நடுப்பொத்தானோடு பின்னோக்கிப் போகும் பொத்தானை அழுத்துங்கள். வெறும் எழுத்துகளாய் ஒரு சோதனைத் திரை வரும். மேனுவல் டெஸ்ட் என்பதற்குள் ஐஓ, அதற்குள் ஹார்ட் டிரைவ், அதற்குள் ஸ்மார்ட் டேட்டா என்று போங்கள். அங்கே இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ரீஅலாக்ஸ் என்பது கெட்டுப்போனதால் டிஸ்க் ஏற்கெனவே கைகழுவிய இடங்கள். பென்டிங் செக்டார்ஸ் என்பது படிக்க முடியாமல் இன்னும் இழுபறியில் இருக்கும் இடங்கள். இரண்டும் பூஜ்யம் அல்லது ஒற்றை இலக்கம் என்றால் டிஸ்க்கின்மேல் பழிபோட நியாயமில்லை. நூற்றுக்கணக்கில் இருந்தால் உங்கள் மெக்கானிக் சொன்னதுதான் சரி. அவரிடம் போய் ஒப்புக்கொண்டுவிடுங்கள்.

எதற்காக இவ்வளவையும் மூடியைத் திறக்காமலே செய்யச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். இந்தக் கருவியில் எந்தப் பாகத்தையும் மாற்றலாம், கஷ்டமில்லை. கஷ்டமெல்லாம் திறப்பதில் இருக்கிறது. திருகாணி ஒன்றுகூட வெளியே கிடையாது. முகம் அலுமினியம், முதுகு எஃகு, இரண்டையும் பிணைத்திருப்பவை உள்ளே வரிசையாக நிற்கும் உலோகக் கொக்கிகள். மெல்லிய தகட்டைச் செருகி நெம்பினால்தான் விடும். நெம்பும்போது எஃகு ஓரம் வளைந்தால் மறுபடி ஒருநாளும் பழையபடி படியாது. இரண்டாம் முறை திறந்தால் இன்னும் மோசமாகும். மூன்றாம் முறைக்குப் பிறகு ரப்பர் வளையம் போட்டுத்தான் வைத்திருக்க வேண்டும். ஆகவே இதை ஒரே ஒருமுறை திறப்பதாக வைத்துக்கொண்டு, மாற்ற வேண்டியது எது எது என்பதை மூடி மூடியிருக்கும்போதே முடிவுசெய்ய வேண்டும்.

திறந்தபிறகும் ஆபத்து இருக்கிறது. இரு பாதிகளும் ரிப்பன்களால் பிணைந்திருக்கும். பேட்டரியின் ஆரஞ்சு நிற ரிப்பனைப் பலகையில் பிடித்திருப்பது ஒரு சின்னஞ்சிறு பழுப்புப் பூட்டு, அரிசிமணியைவிடச் சற்றே பெரியது. அதைப் பிடுங்கக் கூடாது. இருபுறமும் சமமாக, கொஞ்சமே கொஞ்சம் மேலே தூக்கினால் ரிப்பன் தானாக வழுக்கி வெளியே வரும். தொழிலுக்கு வந்த புதிதில் நான் ஒரு வாடிக்கையாளரின் கருவியில் அந்தப் பூட்டைப் பலகையோடு பெயர்த்து எடுத்துவிட்டேன். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அரை நாள் சால்டரிங் செய்து ஒட்டினேன். கூலி வாங்க மனம் வரவில்லை. நீங்களே செய்யலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால், இதற்கு முன் வேறு எதையாவது திறந்து மூடிய அனுபவம் இருந்தால் செய்யுங்கள், இதையே முதல் பாடமாக வைத்துக்கொள்ளாதீர்கள் என்றிருப்பேன்.

எது எதை மாற்றுவது? பேட்டரியை எப்படியும் மாற்றியாக வேண்டும், டிஸ்க்கின் எண்கள் எப்படி இருந்தாலும். புதிது என்று விற்பதிலும் ஏமாறாதீர்கள். லித்தியம் பேட்டரி உறையைப் பிரிக்காமல் அலமாரியில் கிடந்தாலும் முதுமை அடையும். தயாரித்த தேதி கேளுங்கள். உறையில் அச்சடித்த கொள்ளளவைவிட அந்தத் தேதி முக்கியம். ஹெட்போன் ஒரு காதில் மட்டும் கேட்கிறதா, கரகரக்கிறதா என்பதை வேறு இரண்டு ஹெட்போன்களால் இப்போதே சோதியுங்கள். ஓட்டைக்குள் பஞ்சும் தூசியும் அடைத்திருந்தால் பல்குச்சியால் மெதுவாக எடுத்துவிட்டுச் சோதியுங்கள். ஹெட்போன் துளையும் ஹோல்டு பொத்தானும் ஒரே ரிப்பனில் இருப்பவை. இரண்டில் ஒன்று தகராறு என்றாலும் இதே திறப்பில் அதையும் மாற்றிவிடலாம்.

டிஸ்க் விஷயத்தில் நண்பர் பக்கம்தான் நான். எண்கள் நன்றாக இருந்தால் பழைய டிஸ்க்கையே வைத்துக்கொண்டு கேபிளை மட்டும் கழற்றி மாட்டினால் போதும் என்று கஞ்சத்தனமாகச் சொல்ல முடியும். ஆனால் ஒருமுறை விழுந்த, இத்தனை வயதான டிஸ்க்கை நம்பி மறுபடி மூடினால், அடுத்த ஆண்டே திறக்க வேண்டி வரலாம். மெக்கானிக் சொல்லும் மாற்று டிஸ்க்கிலும் எனக்கு ஆர்வமில்லை. இந்த 1.8 அங்குல டிஸ்க்குகளை இப்போது யாரும் புதிதாகச் செய்வதில்லை. கிடைப்பவை வேறு கருவிகளிலிருந்து கழற்றியவை, உங்களுடையதைப் போலவே கிழடு தட்டியவை. டிஸ்க்கின் இடத்தில் மெமரி கார்டைச் செருக உதவும் அடாப்டர் போட்டால் சுழல்வது எதுவும் இல்லை, விழுந்தாலும் பயமில்லை, பேட்டரியும் நீடிக்கும். டிஸ்க் விழிக்கும்போது கையில் உணரும் அந்த மெல்லிய அதிர்வு மட்டும் இருக்காது. அதை இழந்து வருந்துபவர்களையும் பார்த்திருக்கிறேன், சிரிக்காதீர்கள்.

வாங்குமுன் அளவுகோலை வைத்துக் கருவியின் தடிமனை அளந்துகொள்ளுங்கள். 10.5 மில்லிமீட்டர் என்றால் 2009 மாடல், பெரிய கார்டுகளையும் ஏற்கும். 13.5 மில்லிமீட்டர் என்றால் அது 2007இல் வந்த தடித்த 160 ஜிபி. அதன் டிஸ்க் இணைப்பு வேறு ரகம், சாதாரண அடாப்டர் பொருந்தாது. 2010இல் புதிதாக வாங்கியது என்பதால் மெலிந்ததாகத்தான் இருக்கும், இருந்தாலும் அளந்துவிடுங்கள். கார்டை உள்ளே வைத்து மூடுமுன் அதன் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதிக்க இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. 256 ஜிபி என்று அச்சடித்துவிட்டு உள்ளே 32 ஜிபி வைத்து விற்கும் போலிகள் ஏராளம். டிஸ்க் போன இடம் காலியாக இருக்கிறதே, பெரிய பேட்டரி வைக்கலாமே என்று யாராவது ஆசைகாட்டினால் மறுத்துவிடுங்கள். அளவு கொஞ்சம் தவறினாலும் மூடி பேட்டரியை நசுக்கும். காலி இடத்தில் மெல்லிய ஸ்பாஞ்ச் துண்டு ஒன்று வைத்தால் போதும், கார்டு ஆடாது.

எல்லாம் பொருத்தி, மூடியைப் பாதி மட்டும் சாத்தி, ஆன் செய்து, கணினியில் இணைத்து, இப்போது அழுத்துங்கள் அந்த ரீஸ்டோர் பொத்தானை. புதிய கார்டைக் கருவிக்கு ஏற்றபடி தயார் செய்வதற்குத்தான் அது இருக்கிறது. பாட்டு ஏறுகிறது, இரு காதிலும் கேட்கிறது, ஹோல்டு வேலை செய்கிறது என்று பார்த்தபிறகு கடைசியாக மூடியை அழுத்திச் சாத்தலாம்.

மெக்கானிக்கிடமே கொடுப்பதாக இருந்தால் இரண்டு கேள்விகள் கேளுங்கள். கழற்றிய பழைய டிஸ்க்கை என்னிடமே தருவீர்களா? எனக்குச் சொல்லாமல் ரீஸ்டோர் செய்ய மாட்டீர்கள் அல்லவா? இரண்டுக்கும் தயங்காமல் ஆமாம் என்பவரிடம் கொடுக்கலாம். 'அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று சொல்பவரிடமிருந்து கருவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

மகன் சொல்வதிலும் பிழையில்லை. பாட்டுக் கேட்பதற்கு மட்டும் என்றால் கைப்பேசி போதும், பிரதி எடுத்ததுமே அந்த 40 மணி நேரத்தை அதிலும் ஏற்றிவிடுங்கள். ஐபாட் கிளாசிக் 2014இலேயே விற்பனையிலிருந்து போய்விட்டது. அதைப் பழுதுபார்ப்பது கணக்குப் பார்த்துச் செய்கிற காரியமில்லை. அந்தச் சக்கரத்தைக் கட்டைவிரலால் சுற்றிப் பாட்டுத் தேடுவது உங்களுக்குப் பிடித்திருந்தால் செய்யுங்கள். பிரதி எடுத்தபிறகு அப்படிப் பிடிப்பு ஒன்றும் இல்லாவிட்டால், உள்ளதை உள்ளபடி சொல்லி உதிரிபாகங்களுக்காக விற்றுவிடலாம். கீறலில்லாத முகப்புக்கும் நன்றாகச் சுற்றும் சக்கரத்துக்கும் தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். டிஸ்க்கை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள்.

எப்படி முடிவெடுத்தாலும், அந்தப் பழைய டிஸ்க்கை ஒரு உறையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். நகலெடுத்த கோப்புகளில் ஒன்றிரண்டு நடுவில் வெட்டுப்பட்டிருந்தால் அதிலிருந்துதான் மறுபடி எடுக்க வேண்டும். 40 மணி நேரத்தையும் ஒருமுறை முழுதாகக் கேட்டு முடித்தபிறகு அதைத் தூக்கி எறியுங்கள்.